வெள்ளிக்கிழமைக்குத் திருப்பு

தவளைக்கு பூட்ஸ் மாட்டிவிட்ட புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், டிவியில் செருகி விளையாடும் மஞ்சள் கேசட் காலத்தில், யாரோ நாலு பேர் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து ‘தவளை வீரன்’ என்ற ஆட்டத்தைச் செய்து விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பச்சைத் தவளை சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு குழிகளைத் தாண்டும், நண்டுகளை மிதிக்கும், எட்டுக் கோட்டைகளைக் கடந்து கடைசியில் ஒரு மணியை அடிக்கும். ஆட்டம் அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய சமாச்சாரம்.

அதைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் மணியை அடிக்கலாம் என்று ஆயுசைக் கரைக்கிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நித்திலனுக்கு இரண்டாவது இடம். முதல் இடம் பிரேசில்காரன் ஒருவனிடம் இருந்தது. பதினெட்டு நிமிஷ ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே வித்தியாசம் பதினோரு பிரேம். ஒரு நொடியை அறுபதாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுக்குப் பெயர் பிரேம். பதினோரு துண்டு என்றால் ஒருதரம் கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்த ஓர் இமைப்புக்காக அவன் மூன்று வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமல், கோயம்புத்தூர் சரவணம்பட்டி ஃப்ளாட்டின் உள்ளறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் அவன் மனைவி மிருதுளா உட்கார்ந்திருந்தாள். கை அவனுடையது, கடிகாரம் அவளுடையது. ஒவ்வொரு கோட்டை முடியும்போதும் நேரத்தைக் குறிப்பது, எங்கே பிரேம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது, குதிக்கிற இடத்தை மாற்றிப் பார்க்கச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. அடுப்பில் பருப்பு வைத்தாலும் அவள் விரல் கடிகாரப் பொத்தானைத் தேடும். அவள் இல்லாவிட்டால் தான் நூறாவது இடத்தில்கூட இருந்திருக்க மாட்டேன் என்று அவனே ஊரெல்லாம் சொல்வான். அவளும் அதை மறுத்ததில்லை.

இருவரையும் மடக்கிப் போட்டது ஏழாவது கோட்டைச் சுவர். மிகச் சரியான ஒரே ஒரு பிரேமில் குதித்தால் தவளை சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். ஆட்டத்தைச் செய்தவர்கள் அடைக்க மறந்த ஓட்டை அது. அடுத்தடுத்து மூன்று சுவர்களில் அப்படிப் புகுந்துவிட்டால் பிரேசில்காரனைத் தாண்டலாம். நித்திலனுக்கு ஒரு சுவர் வாய்க்கும். இரண்டாவது வாய்த்தால் ஆனந்தத்தில் கை நடுங்கும், அடுத்த குழியில் விழுவான். நூறு தடவை விழுந்தவனுக்கு அலுப்பு வரும், ஆத்திரம் வரும், ஆத்திரத்தோடு குதித்தால் சுவர் விடாது.

அந்த நிலைமையில்தான் பட்டை வந்தது. ஒரு கம்பெனி அதைச் சோதித்துப் பார்க்க ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற கறுப்புப் பட்டை, கூடவே ஒற்றைப் பொத்தான் வைத்த கைக்கடக்கமான பெட்டி. கொண்டுவந்து மாட்டிவிட்டவன் ஜோயல் என்ற நாகர்கோவில் பையன், கம்பெனி என்ஜினியர்.

“நம்ம தலைக்குள்ள ரெண்டு ஞாபகம் உண்டுக்கா,” என்றான் ஜோயல், மிருதுளா கொடுத்த காபியை ஊதிக்கொண்டே. “ஒண்ணு, நடந்தத வச்சிருக்கது. காலையில என்ன தின்னோம், யாரு திட்டினா, எத்தனை தடவை தோத்தோம். இன்னொண்ணு பழக்கம். சைக்கிள் எந்தத் தெருவுல விழுந்து பழகினோம்னு மறந்து போவும், சைக்கிள் மறக்குமா? இந்தப் பட்டை முதல் ஞாபகத்த மட்டும் பின்னால திருப்பும். காலையில ஒரு குறி போட்டுருங்க. ஆட்டம் சொதப்பிச்சா பொத்தான அமுக்குங்க. அண்ணன் குறி போட்ட நிமிஷத்துக்கு வந்துருவாரு. தோத்தது தெரியாது, அலுப்பு தெரியாது. கை கத்துக்கிட்டது மட்டும் கையிலயே இருக்கும்.”

“அப்ப ஆயிரந் தடவ ஆடுனாலும் முதல் தடவையாட்டம்தான் இருக்குமா?” என்று கேட்டாள் மிருதுளா.

“மனசுக்கு முதல் தடவை. உடம்புக்கு ஆயிரமாவது தடவை,” என்று சிரித்தான் ஜோயல். “ஒரு குறி மூணு நாளு தாங்கும். ஆட்டத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்க, வேற எதுக்கும் வேண்டாம்.”

வேறு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் பட்டை உலகமெல்லாம் பரவியது, சண்டையும் பரவியது. சாதனைக் கணக்கைக் கவனிக்கிற சங்கம் கடைசியில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்தது. அன்று முதல் பட்டை கூடாது. அதற்கு முந்தின சாதனைகள் அப்படியே நிற்கும். இதன் அர்த்தம் எல்லா ஆட்டக்காரனுக்கும் உடனே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டையோடு எடுக்கிற நேரத்தைப் பட்டை இல்லாமல் இனி எந்தக் கொம்பனும் தாண்ட முடியாது. கல்லில் வெட்டிவைத்த மாதிரி பெயர் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை நித்திலன் தலைக்குக் குளித்து, சவரம் செய்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். தன் போனை மிருதுளாவிடம் கொடுத்தான்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு எது தெரியணும், எது தெரிய வேணாம்னு நீயே பாத்துக்க மிரு,” என்றான்.

காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். அவள் குறியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு எப்போதுமே வெள்ளிக்கிழமை காலைதான். சுவரில் இடித்து விழுவான், அவள் பொத்தானை அழுத்துவாள், அவன் கண் ஒரு கணம் சொருகித் திறக்கும். “இன்னிக்குக் காபி நல்லா இருந்துச்சு மிரு,” என்பான். முதல் நாலைந்து தடவை அவளும் சிரித்தாள். இருபது முப்பது தடவைக்குப் பிறகு அந்தக் காபியை ஏன்தான் போட்டோமோ என்று வந்தது. ஆனால் கை தேறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் இரண்டு சுவர்களில் அடுத்தடுத்துப் புகுந்து நடுங்காமல் வெளியே வந்தான். மூன்று வருஷத்தில் அவள் பார்க்காத காட்சி அது.

அப்போதுதான் அவன் போன் அதிர்ந்தது. தேனியிலிருந்து அவன் அக்கா செல்வமீனா.

“மிருதுளா, தம்பிகிட்ட போனக் குடு. அம்மா குளிக்கப் போன இடத்துல விழுந்துருச்சு. வாய் கோணிப்போச்சு. ஆஸ்பத்திரியில போட்டிருக்கோம், தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். நெனப்பு வர்றப்பல்லாம் ‘நித்தி வந்துட்டானா’ன்னு கேக்குது. ஒடனே கெளம்பி வரச் சொல்லு.”

மாமியார் ஜெயக்கொடி மேல் மிருதுளாவுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. காதல் கல்யாணம் என்று மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, “எம்மகன் கேம் பெட்டியைக் கட்டாம ஒரு பொண்ணக் கட்டுறானே, அதுக்கே படையல் போடணும்” என்று சொல்லித் தாலி எடுத்துக் கொடுத்தவள். அந்த மஞ்சள் கேசட்டைத் தேனிச் சந்தையில் பேரம் பேசி மகனுக்கு வாங்கித் தந்ததும் அவள்தான். தேனி நாலரை மணி நேரத் தூரம்.

“சொல்றேனுங்க அண்ணி,” என்று வைத்துவிட்டு, நேராகப் போய்ச் சொன்னாள். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவளுக்கு இல்லை.

“நித்தி, அத்தை விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரியில இருக்காங்க. உன்னத் தேடுறாங்களாம்.”

கையிலிருந்த ஆட்டக் கன்ட்ரோலர் நழுவியது. நித்திலன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதான். முழங்காலில் அடித்துக்கொண்டு, அம்மாவைப் பற்றி என்னென்னவோ சொல்லிச் சொல்லி அழுதான். மிருதுளா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். திரையில் பாதி ஆட்டத்தில் தவளை நின்றுகொண்டிருந்தது, மூலையில் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கெளம்பு, போவோம்” என்று ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தான். பட்டை இன்னும் நெற்றியில்தான் இருந்தது.

மிருதுளா பொத்தானை அழுத்தினாள்.

இப்படி அழுகிறவன் எப்படி வண்டி ஓட்டுவான் என்ற பயத்தில் அழுத்தினேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். இரண்டு சுவர்களில் அடுத்தடுத்துப் புகுந்து வந்ததைப் பார்த்த ருசி அழுத்தியது.

நித்திலன் கண் சொருகித் திறந்தது. “இன்னிக்குக் காபி நல்லா இருந்துச்சு மிரு,” என்றான். கையைப் பார்த்தான். “சாவி எதுக்கு என் கையில இருக்கு? கண்ணெல்லாம் ஏன் எரியுது?”

“நீதான் எடுத்த. தூசி விழுந்திருக்கும், உக்காரு,” என்றாள்.

உட்கார்ந்தான். அவள் சொன்னால் உட்காருவான்.

ஒரு ஆட்டம் போனது. இரண்டு போனது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மகனை நண்டு மிதிக்க விட்டிருக்கிறோம் என்பது தொண்டையிலேயே நின்றது. அவனிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. விஷயத்தைச் சொல்வோம், முடிவை அவனே எடுக்கட்டும். மூன்று வருஷம் கஷ்டப்பட்டவன், பிரேசில்காரன் பெயரைக் கேட்டாலே தூக்கம் தொலைக்கிறவன், ‘ரெண்டு நாள்தானே, முடிச்சுட்டே போவோம்’ என்று சொன்னாலும் சொல்லுவான். அவன் வாயால் அது வந்துவிட்டால் பாவம் அவள் தலையில் இல்லை.

எனவே மறுபடி சொன்னாள். மறுபடி அழுதான். இந்த முறை கொஞ்சம் குறைவு. ஆனாலும் எழுந்து சாவியைத் தேடினான். திருப்பினாள்.

இந்த இடத்தில் வேறு ஒரு பெண்ணாக இருந்தால் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பாள், அல்லது சாவியைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். மிருதுளா கடிகாரக்காரி. ஒரு காரியம் சரியாக வரவில்லை என்றால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அதைத்தான் செய்தாள், செய்கிறோம் என்றே தெரியாமல். ‘உன்னைத் தேடுறாங்க’ என்ற இடத்தில் உடைகிறான், அதை எடுத்துவிட்டாள். ‘விழுந்துட்டாங்க’ என்பதற்குப் பதில் ‘தலை சுத்திருச்சு’ என்று வைத்தாள். டாக்டர் பெயரை முதலில் சொன்னாள், அம்மாவைக் கடைசியில் சொன்னாள். நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தாள், தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அழுகை குறைந்தது. நாற்பது நிமிஷமாக இருந்தது இருபதானது, பன்னிரண்டானது, ஐந்துக்கு வந்தது. நம் வார்த்தை தேறுகிறது என்று நினைத்தாள். சொல்லவே கூசுகிறது, அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இடையிடையே ஆட்டமும் நடந்தது. சனிக்கிழமை காலை தூங்கி எழுந்தவனைப் பல் தேய்க்க விட்டுத் திருப்பினாள். “இப்பத்தான் காபி குடிச்சேன், அதுக்குள்ள இப்படிப் பசிக்குது!” என்று வயிற்றைத் தடவினான். இட்லியை ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

செல்வமீனா கூப்பிட்டாள். “தம்பிகிட்ட சொன்னியா இல்லியா?”

“சொல்லிட்டேனுங்க அண்ணி.”

“என்ன சொன்னான்?”

“ரொம்ப அழுதாருங்க.”

“அழுதா ஆச்சா? கெளம்புனானா?”

“கெளம்பிட்டேதானுங்க இருக்காரு.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் அழுதான், ஒவ்வொரு தடவையும் கிளம்பினான். செல்வமீனா வண்டி எந்த ஊர் தாண்டியிருக்கும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அதன் பிறகு அன்றைக்கு வந்த போனையெல்லாம் மிருதுளா எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மிருதுளா கேட்க ஆசைப்பட்டது கிடைத்தது. டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர், கூட அக்கா இருப்பது, தலைசுற்றல், அத்தை. இந்த வரிசையில் சொன்னாள். நித்திலன் கண் கலங்கினான். மூக்கை உறிஞ்சினான்.

“சரி,” என்றான். “ஞாயித்துக்கிழமையோட முடியப்போவுது. முடிச்சுட்டே போவோம் மிரு. அம்மாவும் அதைத்தான் சொல்லும்.”

அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. அவன் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவன் உட்கார்ந்து ஆடினான். நாலாவது கோட்டையில் நண்டு கவ்வியது. அவள் திருப்பினாள். சம்மதம் கொடுத்தவன் போய்விட்டான். காபியைப் புகழ்கிறவன் வந்து உட்கார்ந்தான். இவனிடம் மறுபடி சொல்ல வேண்டியதில்லை, வாங்க வேண்டிய சம்மதத்தை வாங்கியாயிற்று என்று அவள் முடிவுகட்டினாள். கோர்ட்டில்கூட ஒரு கையெழுத்துப் போதும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் வார்த்தையே வரவில்லை. செல்வமீனாவின் ஓலம் மட்டும் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. மிருதுளா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து நித்திலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் போய் யாரைப் பார்க்கப்போகிறான், ஆடட்டும் என்று இருந்துவிட்டாள். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அதற்கு மேல் போவது பெரிதாகத் தெரியவில்லை.

“இப்பத்தானே சவரம் பண்ணேன், எப்படி இவ்வளவு முள்ளு?” என்று தாடையைத் தடவினான் நித்திலன்.

“ஆடு,” என்றாள்.

சாயங்காலம் அது நடந்தது. முதல் ஆறு கோட்டைகளையும் வழித்துவிட்ட மாதிரி தாண்டினான். ஏழாவதில் முதல் சுவர் விட்டது. இரண்டாவது விட்டது. மூன்றாவதன் முன்னால் அவன் மூச்சுகூட மாறவில்லை. விரல் பாட்டுக்கு அழுத்தியது, தவளை சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்து நின்றது. எட்டாவதில் மிருதுளாதான் மூச்சு விட மறந்தாள். தவளை மணியை அடித்தது. பிரேசில்காரனை நாலு பிரேம் தாண்டியிருந்தான்.

நித்திலன் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். மிருதுளாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். “அம்மாவுக்குப் போன் போடு, அதுக்குத்தான் முதல்ல சொல்லணும்!”

அவள் அவன் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இனித் திருப்ப வழியில்லை. சொல்லிப் பழகிய வரிசையெல்லாம் மறந்துவிட்டது.

“நித்தி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அத்தை காலையில போயிட்டாங்க.”

அவன் முகம் லேசாகச் சுருங்கியது, நேராகிவிட்டது.

“அப்படியா?” என்றான். “எப்படி?”

“தலையில ரத்தம் கட்டிருச்சு. வெள்ளிக்கிழமையே...”

“ம். அக்கா தனியா கெடந்து அல்லாடுவா. ஒரு குளியலைப் போட்டுட்டு வந்துர்றேன், கெளம்புவோம்.”

அதிர்ச்சியில் அப்படித்தான் இருப்பார்கள் என்று மிருதுளா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வழியில் உடைவான், தான் வண்டியை வாங்கி ஓட்டலாம் என்று காத்திருந்தாள். அவன் உடையவில்லை. ஒட்டன்சத்திரத்தில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு பரோட்டா சாப்பிட்டான், சால்னா நன்றாக இருக்கிறது என்றான்.

ஜெயக்கொடியை மகனுக்காக வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை கூட்டம் கூடியது. நித்திலன் வாய்க்கரிசி போட்டான், நீர்மாலைக்குக் குடம் எடுத்தான், அம்மாவின் முகத்தைக் குனிந்து பார்த்தான். எல்லாவற்றையும் தப்பில்லாமல் செய்தான். யாராவது ஒருத்தி ஒப்பாரியில் அவன் பெயரை இழுக்கும்போது முகம் லேசாகச் சுருங்கும், உடனே நேராகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

செல்வமீனா அவன் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். “மூணு நாளா ஒம்பேரத்தாண்டா சொல்லுச்சு! அழுடா! ஒரு வாட்டி அழுது தொலைடா பாவி!”

அவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவனாய் விழித்தான். “கோயம்புத்தூருக்குப் போனா நெஞ்சு காய்ஞ்சு போயிருமா என்ன,” என்று யாரோ முணுமுணுத்தது மிருதுளா காதில் விழுந்தது.

பாடை தெருமுனை தாண்டியதும் அவள் வீட்டுக்குப் பின்பக்கம் போய் ஜோயலைக் கூப்பிட்டாள்.

“வாழ்த்துகள் அக்கா,” என்று எடுத்தான். “ஆனா ஒரு சங்கடம். சங்கத்துல இன்னைக்குக் காலையில முடிவ மாத்திட்டாங்க. பட்டைக்காரங்களத் தனிப் பட்டியலாப் போட்டாச்சு. பழைய பட்டியல்ல பிரேசில்காரந்தான் முதல்ல இருக்கான்.”

அது அவள் காதில் ஏறவே இல்லை. “ஜோயல், ஒருத்தருக்கு ஒரு கெட்ட சேதியைச் சொல்லிச் சொல்லித் திருப்புனா என்ன ஆகும்?”

“எத்தன தடவை?”

சொன்னாள்.

“அக்கா... நான் அன்னைக்கே சொன்னேனே, ஆட்டத்துக்கு மட்டும்னு.”

“அழுததுதான் மறந்து போச்சே! முதல் தடவையாட்டம்தானே இருக்கணும்?”

“மனசுக்குத்தான் முதல் தடவை. அழுறது உடம்புல்லா? நெஞ்சு அடைக்கது, தொண்டை கட்டுது, கண்ணு நிறையது எல்லாம் உடம்பு. அந்தச் சேதியத் தாங்குறதுக்கு உடம்பு பழகிப் பழகிக் கடைசியில சிரமமில்லாமத் தாண்டிருக்கும். சுவரத் தாண்டுன மாதிரியேதான்.”

“திரும்ப வருமா?”

“சைக்கிள மறக்கச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியாதுக்கா,” என்றான் ஜோயல். அவன் குரலே கலங்கியிருந்தது.

அப்போ தேறியது அவளுடைய வார்த்தை இல்லை. தண்ணீர் டம்ளரும் டாக்டர் பெயரும் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு மகன் தாய்க்காக வைத்திருந்த அழுகை மொத்தத்தையும் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு, யாருக்கும் உதவாமல், அவள் செலவழித்துத் தீர்த்திருக்கிறாள்.

கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்த நித்திலன், குளித்து ஈர வேட்டியுடன் பின்பக்கத் துவைக்கல்லில் உட்கார்ந்தான். உள்ளே பெண்கள் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிருதுளா துண்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“எனக்கு என்னமோ ஆயிருச்சு மிரு,” என்றான். “அம்மா முகத்தப் பாக்குறேன். பாசம் இல்லாமலா இருக்கேன்? ஆனா எல்லாம் என்னைக்கோ நடந்து முடிஞ்ச மாதிரி இருக்கு. வரவே மாட்டேங்குது. எங்கக்கா என்னை இனிமே ஏறெடுத்துப் பாப்பாளா?”

அவள் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். வரிசை பார்க்கவில்லை, வார்த்தை பார்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவன் கை ஓங்குவதற்காக நின்றாள். அடித்தால் நல்லது என்றிருந்தது. தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனாலும் பின்னால் போயிருப்பாள்.

நித்திலன் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. கோபம் பிறகு வரலாம்; வருஷக்கணக்கில் வரலாம். அப்போது இருந்தது ஓர் ஆசை. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

“அப்ப நான் அழுதிருக்கேன்,” என்றான்.

“அழுத.”

“நெசமாவே?”

“தரையில உக்காந்து அழுத நித்தி.”

“சும்மா அழுதிருக்க மாட்டேன். எங்கம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பேன்ல?” கல்லிலிருந்து முன்னால் நகர்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “முதல் வாட்டி என்ன சொல்லி அழுதேன்? அதை அப்படியே சொல்லு மிரு. நீ சொன்னா எனக்கு வருதான்னு பாக்குறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அவன் முழங்காலில் அடித்துக்கொண்டது தெரிந்தது. உதடு அசைந்தது தெரிந்தது. சந்தை என்று வந்ததா, மழை என்று வந்ததா? அவன் சின்னப் பையனாக இருந்தபோது நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னான், அவளிடம் அதுவரை சொல்லாத ஒன்று, அதைச் சொல்லும்போது இரண்டு தடவை தொண்டை அடைத்து நிறுத்தினான். என்னது அது? அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவள். எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் கண்முன்னால் வந்தது திரையின் மூலையில் ஓடிய கடிகாரம் மட்டும்தான்.

“முதல் தடவை,” என்றாள் மிருதுளா, “நாப்பத்தோரு நிமிஷம்.”

நித்திலன் தலையாட்டினான். மீதியைச் சொல்லட்டும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.